சகலையின் சர்க்கரை அளவு

மதியம் ஒரு மணிக்குள் நாற்பது ரோஜா முடிய வேண்டும். கேக் மாஸ்டர், மிஷினில் அடித்த க்ரீமை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பையில் நிரப்பி, குழலை விரலால் வழித்துவிட்டு, இதழ் இதழாகப் பிழிய ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவர் போட்ட க்ரீம் ரோஜாவை நம்பி ஒரு தேனீ வந்து ஏமாந்து போனதாகக் கடையில் ஒரு கதை உண்டு. அந்தத் தெருவில் அவருக்கு ரோஜா மாஸ்டர் என்றுதான் பெயர்.

ஒரு மணிக்குக் கையைக் கழுவிவிட்டு டப்பாவைத் திறந்தார். அரை கப் சோறு, ஒரு குவியல் பீன்ஸ், அவித்த முட்டை ஒன்று, வெள்ளரித் துண்டுகள். கஷாயம் குடிக்கிற முகத்தோடு சாப்பிட்டார். அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக அவருடைய சகலை வந்தார். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவர். மாஸ்டரின் மனைவிக்கு உடன்பிறந்த தங்கையின் கணவர்.

"அண்ணே, சாப்பாடாச்சா?"

"பாத்தா தெரியலையா? மாடு மாதிரி தழை தின்னுக்கிட்டு இருக்கேன்."

தையல்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அதை நான்காக மடித்து இஸ்திரி வேறு போட்டிருந்தார். "ரிப்போர்ட் வந்துச்சுண்ணே. ஆறு பாயின்ட் எட்டு."

மாஸ்டர் எடுத்த வெள்ளரித் துண்டைத் திரும்ப டப்பாவிலேயே போட்டார்.

மூன்று மாதமாக ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று சொல்லும் பரிசோதனையின் எண் அது. ஏழுக்குக் கீழே இருந்தால் டாக்டரம்மா சிரித்த முகத்தோடு சீட்டு எழுதுவார். பத்தைத் தாண்டினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுவார். முந்தின வாரம் மாஸ்டருக்கு முன்னால் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். மாஸ்டரின் எண் பத்து பாயின்ட் மூன்று.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மாஸ்டர். சந்தோஷம் என்ற சொல்லை அத்தனை துக்கத்தோடு சொல்ல அவரால் மட்டும்தான் முடியும்.

ஊரில் ஒருவன் அடுத்தவனின் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவான், இன்னொருவன் வண்டியைப் பார்த்து. மாஸ்டருக்கு இந்த வயதில் ஒரு எண்ணின்மேல் பொறாமை வந்திருந்தது. அதில் நியாயமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எட்டு மாதத்துக்கு முன் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில்தான் நோய் தெரிந்தது. அப்போது மாஸ்டருக்கு ஒன்பது பாயின்ட் நான்கு, தையல்காரருக்கு ஒன்பது பாயின்ட் ஆறு. பாயின்ட் இரண்டு குறைவாக ஓட்டத்தைத் தொடங்கியவர் மாஸ்டர்தான். டாக்டரம்மா இருவருக்கும் ஒரே மாத்திரையைத்தான் எழுதினார், ஒரே காகிதத் தட்டைத்தான் கோடு போட்டுக் காட்டினார். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, மீதிக் கால் தட்டு முட்டையோ மீனோ பருப்போ. தினமும் அரைமணி நேரம் நடை.

மாஸ்டர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதை அப்படியே கடைப்பிடித்தார். மனைவி சோற்றைக் கப்பால் அளந்து போட்டாள். காலையில் சர்க்கரை இல்லாத காப்பி. சாயங்காலம் பூங்காவைச் சுற்றி ஏழு சுற்று. அப்படியும் எண் ஏறியது. நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்தே இருக்கிற சகலைக்கோ எண் மளமளவென்று இறங்கியது. மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால், சகலையின் ரிப்போர்ட்டில் பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் தப்பு செய்திருக்க வேண்டும் என்று அவர் இரண்டு தடவை கடவுளிடம் வேண்டிக்கொண்டார்.

எரிச்சலை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே. மனைவியின் தலையில் இறக்கினார்.

"உன் தங்கச்சி கையில என்னமோ இருக்கு. உன் கையில இல்ல" என்றார் ஒருநாள், தட்டை நகர்த்திவிட்டு.

"அவ போடற அதே பீன்ஸ்தானே நானும் போடறேன்?"

"அப்ப என் எண் மட்டும் ஏன் ஏறுது? சோத்துக்கு அடியில உருளைக்கிழங்கை ஒளிச்சு வைக்கிறியா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தங்கைக்குப் போன் செய்தாள். "ஏன்டி, உன் வீட்டுக்காரருக்கு ரகசியமா ஏதாவது பொடி கலக்குறியா? அக்காவுக்குச் சொன்னா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்டாள். தங்கைக்குச் சுருக்கென்று குத்தியது. "ஒரு பொடியும் இல்லக்கா. நம்பினா நம்பு, நம்பலைன்னா போ" என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு இரண்டு மாதம் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. நோய் இரண்டு ஆண்களுக்கு, முகம் சுண்டிப்போனது இரண்டு பெண்களுக்கு.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கல்யாண கேக் வந்தது. மூன்று அடுக்கு. மேல் அடுக்கில் மணமக்கள் பெயரை மாஸ்டர் எழுதினார். எழுதும்போது கோடு நேராகத்தான் தெரிந்தது. முதலாளியம்மா வந்து கேக்கைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். எழுத்துகள் படிக்கட்டில் இறங்குவது போலக் கீழே சரிந்திருந்தன. ஒரு ரோஜா பாதி கேக்கிலும் பாதி அட்டையிலும் பூத்திருந்தது.

"மாஸ்டர், முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்றார் முதலாளியம்மா. "அதுவரைக்கும் நீங்க க்ரீம் மட்டும் அடிங்க. பூ போட வேற ஆளு பாத்துக்கறேன்."

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக் காட்டினார். விழிக்குப் பின்னால் சின்னச் சின்ன ரத்தக் கசிவு. கண்ணுக்குச் செய்யவேண்டிய சிகிச்சையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், சர்க்கரை இறங்காவிட்டால் அது விழலுக்கு இறைத்த நீர் என்றும் சொன்னார். "இப்படியே போனா நீங்க போட்ட பூவை நீங்களே பாக்க முடியாது" என்றார்.

மாஸ்டர் அங்கிருந்து நேராகத் தையல் கடைக்குப் போனார். பயத்தில் இருப்பவன் அழ வேண்டும். பொறாமையில் இருப்பவனுக்கு அழக்கூடத் தெரிவதில்லை, சண்டைதான் வருகிறது.

"எனக்குக் கண்ணு போகப்போகுது. இப்பவாவது சொல்லு, சகல. நீ எதைச் சாப்பிடறே? எந்த மருந்தை ஒளிச்சு வச்சிருக்கே?"

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். "அண்ணே, சத்தியமா ஒண்ணும் இல்ல. முன்னாடி ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பேன், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, கூட பிஸ்கட். அதை நிறுத்தினேன். அவ்வளவுதான்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே! நாளைக்குக் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான் உன் கடையில உக்காருவேன். மறுநாள் நீ வந்து என் பக்கத்துல உக்காரு. யாரு ஒழுங்கா சாப்பிடறான், யாரு நாடகம் ஆடறான்னு பாத்துடலாம்."

தையல்காரரின் முகம் கறுத்துப்போனது. பிடிபட்டுவிடுவோமென்ற பயம் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். பாதி சரி. என்ன பயம் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் மாஸ்டர் தையல் கடையில் ஒரு முக்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பத்து மணிக்குச் சர்க்கரை இல்லாத டீ. ஒரு மணிக்கு அதே கால் தட்டுச் சோறு, கீரை, முட்டை. நாலு மணிக்கு ஒரு கொய்யாப்பழம். இடையில் தண்ணீர். மேசை இழுப்பறையைக்கூட ஒரு சாக்குச் சொல்லித் திறந்து பார்த்தார். நூல்கண்டும் சாக்கட்டியும்தான் இருந்தன. சாயங்காலம் எழுந்தபோது தோற்றவனைப் போலிருந்தார்.

அடுத்த நாள் தையல்காரர் பேக்கரியின் பின்பக்கம் வந்து மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரு பொட்டலம் நிறையச் சட்டைப் பட்டன். முன்னால் ஒரு காலி டம்ளர். அவ்வப்போது டம்ளரில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சும்மா இருக்கப் பிடிக்காமல் விளையாடுகிறான் என்று மாஸ்டர் விட்டுவிட்டார். மதியம் டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிச் சாப்பிட்டார். "பாத்துக்கோ. நல்லா பாத்துக்கோ. ஒரு பருக்கை கூடுதலா இல்லாம அளந்த சோறு."

"பாத்துக்கிட்டேன்ண்ணே" என்றார் தையல்காரர்.

ஆறு மணிக்கு மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றினார். "என்ன கண்டுபிடிச்சே?"

தையல்காரர் டம்ளரை மேசையில் கவிழ்த்தார். "ஐம்பத்தெட்டு."

"என்ன ஐம்பத்தெட்டு?"

"உங்க விரல் வாய்க்குப் போன தடவை."

மாஸ்டருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கோபம் வந்தது. "அது ருசி பாக்கறதுடா! அது என் வேலை. க்ரீம் புளிச்சிருக்கா, பாகு முத்திடுச்சா, இதெல்லாம் நாக்கு சொல்லாம யார் சொல்லுவா? அதைப் போய் சாப்பாடுங்கிறியே!"

"கோவிச்சுக்காதீங்க. ஒரு கிண்ணத்தைத் தராசுல வைங்க. நீங்க எடுக்கிற அதே விரல்ல, அதே அளவு எடுத்து அதுல போடுங்க. நான் ஒவ்வொரு பட்டனா எடுத்து வைக்கிறேன்."

வீம்புக்குத்தான் மாஸ்டர் ஆரம்பித்தார். பத்து பட்டன் வரைக்கும் கிண்ணத்தின் அடியில் வெறும் தீற்றல்தான். "பாத்தியா?" என்றார். இருபதில் அடி மறைந்தது. முப்பத்தைந்தில் பேச்சை நிறுத்திவிட்டார். ஐம்பத்தெட்டாவது பட்டன் நகர்ந்தபோது கிண்ணத்தில் ஒரு டீ கிளாஸ் நிறையும் அளவுக்கு க்ரீம் குவிந்திருந்தது. தராசு நூற்று எழுபது கிராம் காட்டியது. ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு சர்க்கரை என்பது அவர் கையாலேயே சுவரில் எழுதி ஒட்டிய அளவு. கணக்குப் போட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை. தினமும். இருபத்திரண்டு வருடமாக.

டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அவர் ஒவ்வொரு முறையும் டப்பாவில் இருப்பதை மட்டும் சொன்னார். பொய் சொல்லவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மாஸ்டருக்குத் தன் விரலே தெரியவில்லை.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீ ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டே. நான் எட்டு மாசமா…"

தையல்காரர் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒரே நாள்ல இல்லண்ணே."

"என்னடா சொல்றே?"

"நாலு மாசத்துக்கு முன்னாடி ரொட்டி வாங்க வந்தப்பவே பாத்தேன். பேசிக்கிட்டே நீங்க ஏழெட்டுத் தடவை நக்கினீங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லல." அவர் ஒரு பட்டனை விரலில் உருட்டினார். "இந்தக் குடும்பத்துல எந்த விசேஷம்னாலும் நடுவுல உங்க கேக்குதான் நிக்கும். எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க. அத்தனை பேரும் போட்டிருக்கற துணி நான் தைச்சது, ஒருத்தனும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வரும்பாங்க. எனக்கு வந்த காலம் இந்த எண் இறங்கினதுதான். உங்க எண் இறங்கிட்டா என் எண்ணை யாரு கேப்பா? அதான் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். கண்ணு போற வரைக்கும் போகும்னு நினைக்கலண்ணே."

மாஸ்டர் கையை ஓங்கினார். பாதியிலேயே கை இறங்கிவிட்டது. அடிக்க அருகதை இல்லையே. அடுத்தவனுக்கு எண் ஏறட்டும் என்று சாமி கும்பிட்டவர் அவர். இவன் வாயைத் திறக்காமல் கும்பிட்டிருக்கிறான், வித்தியாசம் அவ்வளவுதான். மாஸ்டர் எழுந்து அந்தக் கிண்ணத்தைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார்.

வீட்டுக்குப் போனதும் மாஸ்டர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு அழுதாள். பிறகு திட்டினாள். "எட்டு மாசம் என் கையைக் குத்தம் சொன்னீங்களே, உங்க கையை ஒரு நாள் பாத்தீங்களா?" என்றாள். அவள் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்கும் குரலில் தொடங்கிய பேச்சு பத்து நிமிடத்தில் இரண்டு கணவர்களையும் கிழித்துத் தோரணம் கட்டும் பேச்சாக மாறியதைக் கேட்டு மாஸ்டருக்கு நிம்மதியாக இருந்தது.

பழக்கத்தை விடுவது லேசாக இருக்கவில்லை. முதலாளியம்மாவிடம் உண்மையைச் சொன்னார். இனிமேல் எல்லாக் கலவையும் தராசில் நிறுத்துதான் சேரும். புதுக் கலவை போடும்போது மட்டும் முதலாளியம்மா வந்து ருசி பார்ப்பார். மாஸ்டர் மெல்லிய கையுறை போட்டுக்கொண்டார். முதல் வாரம் கையுறையோடு விரல் வாய்க்குப் போய், ரப்பரைச் சப்பித் துப்பினார். இரண்டாவது வாரம் பாதி வழியில் நின்றது. இத்தனை நாள் தன் நாக்குதான் தன் தொழில் என்று நினைத்திருந்தார். நாக்கில்லாமலும் க்ரீம் அதே க்ரீமாகத்தான் இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. கண்ணுக்குச் சிகிச்சையும் நடந்தது.

மூன்று மாதம் கழித்து மாஸ்டரின் எண் எட்டு பாயின்ட் ஒன்று. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை. "இன்னும் இறங்கணும்" என்றார், சிரித்துக்கொண்டே. கண்ணில் புதுக் கசிவு இல்லை என்று கண் டாக்டரும் சொன்னார். பூ போடும் மேசை திரும்பக் கிடைத்தது, பெரிய எழுத்துக் கேக்குகள் மட்டும்.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாஸ்டர் தையல் கடைக்குப் போனார். பள்ளிச் சீருடை தைக்கும் காலம். துணிக் குவியலுக்கு நடுவே தையல்காரர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எட்டு பாயின்ட் ஒண்ணு" என்றார் மாஸ்டர்.

"சபாஷ்ண்ணே!" என்றார் தையல்காரர். அது உண்மையான சபாஷ்தான். பிறகு முகம் வாடியது. "எனக்கு ஏறிடுச்சு. ஏழு பாயின்ட் அஞ்சு. ஏன்னே தெரியல. டீயில சர்க்கரை தொடறதில்ல. சோறு அதே அளவுதான்."

மாஸ்டரின் கண் மிஷினுக்குக் கீழே போனது. மிதிகட்டைக்குப் பக்கத்தில் நாலு காலி பாட்டில்கள் கிடந்தன. பழச்சாறு பாட்டில்கள். ஒன்றை எடுத்து, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். சர்க்கரையோடு அவருக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஒரு பாட்டிலில் ஆறு டீஸ்பூனுக்குக் குறையாது.

அந்த நொடியில் மாஸ்டருக்குள் ஒன்று குறுகுறுத்தது. இன்னும் மூன்று மாதம் இவன் இப்படியே குடிக்கட்டும். இவன் எண் ஏறும், என் எண் இறங்கும், எங்கேயோ ஓரிடத்தில் நான் இவனைத் தாண்டிவிடுவேன். நினைக்கவே இனித்தது. பாட்டிலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வாசல் வரைக்கும்கூடப் போய்விட்டார்.

அப்புறம் திரும்பி வந்தார்.

"சகல, இதெல்லாம் யாரு குடிச்சது?"

"நான்தான். சாப்பிட நேரமில்லண்ணே. பழச்சாறுதானே, உடம்புக்கு நல்லதுதானே?"

"பழத்தைக் கடிச்சுத் தின்னா நல்லது. இது பழத்தோட பேரைச் சொல்லி விக்கிற சர்க்கரைத் தண்ணி. இன்னையோட விடு. மதியம் மிஷினை நிறுத்திட்டு ஒழுங்கா சாப்பிடு."

தையல்காரர் பாட்டிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாமேண்ணே. நான் உங்களுக்கு நாலு மாசம் சொல்லாம இருந்தேன்."

"வாசல் வரைக்கும் போனேன்டா, சொல்லாம இருந்துடலாம்னு" என்றார் மாஸ்டர். "நம்ம ரெண்டு பேருக்கும் தன் வாயில என்ன போகுதுன்னு தெரியாது, அடுத்தவனுக்குத்தான் தெரியும். அப்ப பாத்தவன் சொல்லணும். தெரிஞ்சும் சொல்லாம இருக்கறது எவ்வளவு இனிக்குதுன்னு இப்பத்தான் ருசி பாத்தேன். நம்ம வியாதிக்கு அந்த இனிப்பும் ஆகாது."